பூட்டிக் கிடந்த ஊர்

அவர் கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் திட்டு வாங்குவார்கள், ரசீது அப்புறம்தான். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒரு பார்வை பார்த்து, ஃபேன் இறக்கையை ஆள்காட்டி விரலால் ஒரு வழி வழித்து, அந்த விரலை வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். "இது என்ன?" என்பார். "தூசி" என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை விரல் இறங்காது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் சொல்ல மறுத்து, மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போனார். மறுவாரம் மூச்சு வாங்க ஏறி வந்து, வாசலில் நின்றபடியே "தூசி" என்றார். இப்படியாக அவருக்கே தூசி என்று பேர் நிலைத்துவிட்டது. கடைப் பலகையில் வேறு ஏதோ எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கீழே தையல் கடை, நடுவில் ஜெராக்ஸ் கடை, மேலே அவர். ஒற்றை அறை. ஜன்னல் உண்டு, திறக்க மாட்டார். மேசை மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் ஐஸ் கட்டி வைக்கும் தட்டு ஒன்று. ஒவ்வொரு குழியிலும் ஒரு வகைத் திருகாணி. விளையாடுகிறவர்களுக்கான பெரிய மெஷின்களை மட்டும்தான் தொடுவார். கடிதம் அடிக்க, படம் பார்க்க வைத்திருக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால் "இதுக்கெல்லாம் எதிர்த்தெருவுல ஆள் இருக்கான்" என்று படியைக் காட்டுவார். இளம் வயதில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் இருந்தவர் என்பதால் காது கூர்மை. ஆறு ஃபேன் ஓடும் மெஷினில் எந்த ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ப்ராசஸர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட் வைப்பதில் அவர் கை தனி. பட்டாணி அளவு, நட்டநடுவில், ஒரே ஒரு பொட்டு. பரப்பித் தேய்த்துவிடுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

ஒன்றே ஒன்று. அவர் வாழ்நாளில் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. புது மெஷின் கட்டி முடித்ததும் சோதனைக்காக ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு விளையாட்டை ஓடவிடுவார். திரையில் நகரங்கள் எரியும், குதிரைகள் பாயும், கடல் பொங்கும். அவர் கண் மேல் மூலையில் இருக்கும் வெப்ப அளவைவிட்டு நகராது.

விளையாடியது அவர் மனைவி. பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்த டீச்சர். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் வீட்டில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று கடையில் மிஞ்சிய பாகங்களை வைத்து அவளுக்கு ஒரு மெஷின் கட்டிக்கொடுத்தார். விளையாடக் கற்றுக்கொடுத்தது அவளுடைய தம்பி. கட்டை கட்டையாக அடுக்கி வீடு, தெரு, கோபுரம் எல்லாம் கட்டும் விளையாட்டு அது. தம்பி அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்; அம்மா போன பிறகு அவள்தான் தூக்கி வளர்த்தாள். இரண்டு தெரு தள்ளிக் கேமிங் சென்டர் வைத்திருந்தான். பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டும் தூசி கட்டியவை.

நான்கு மாதத்துக்கென்று ஆரம்பித்தது பதினோரு வருடம் ஓடியது. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் அக்கா வீட்டில் மெஷினை ஆன் செய்வாள். தம்பி சென்டரிலிருந்து உள்ளே வருவான். இருவரும் ஆளுக்கொரு பொம்மை உருவமாக அந்த ஊருக்குள் நடந்து, கட்டை அடுக்கி, ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டிருப்பார்கள். ஊர் இருந்தது அவள் மெஷினில். அவள் மெஷின் ஓடினால்தான் அவனுக்கு வாசல் திறக்கும். தூசி கடையிலிருந்து வந்தால் அவள் தோளுக்குப் பின்னால் நின்று மூலை எண்ணைப் பார்ப்பார்.

"எம்பத்தெட்டு ஆயிடுச்சு. எந்திரி."

"ஒரு கூரை போட்டுட்டு எந்திரிக்கிறேன். நீங்களும் ஒரு நாள் உள்ள வாங்களேன், ஊரைச் சுத்திக் காட்டறேன்."

"நான் உள்ள வந்தா வெளிய யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டுக் கேபினெட்டைத் தொட்டுப் பார்ப்பார்.

மாமனுக்கும் மச்சினனுக்கும் அந்தக் காலத்திலேயே சுமுகம் கிடையாது. ஆனால் அது வாய்ச்சண்டை அளவில் நின்றது. தூசி மாதம் ஒரு முறை சென்டருக்குப் போய்ப் பன்னிரண்டு மெஷினையும் ஊதித் துடைத்து, தேதி போட்டு ஒட்டுச்சீட்டு ஒட்டிவிட்டு வருவார். ஒரு முறை மச்சினன் தானாகவே ஒரு மெஷினில் ப்ராசஸரை மாற்றினான். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. இப்போதைய மெஷின்களில் தகவல் வைக்கும் வட்டுக்கு ஒரு பூட்டுப் போடலாம். அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் பொறுப்பு ப்ராசஸருடையது. ப்ராசஸரை மாற்றுவதற்கு முன்னால் மெஷினை ஆன் செய்து பூட்டைத் தளர்த்தி வைத்துவிட வேண்டும். வைக்காமல் மாற்றினால் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் நாலு வரி வரும்: பழைய சாவியை அழித்துவிடட்டுமா, ஆமென்றால் ஒய் எழுத்தை அமுக்கு. அமுக்கினால் போயிற்று. அப்புறம் நாற்பத்தெட்டு இலக்க மாற்றுச் சாவி எங்காவது எழுதி வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் வட்டு வெறும் தகரம். மச்சினன் படிக்காமல் அமுக்கினான். ஒரு வாடிக்கையாளர் இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. தூசி சென்டர் நிறைய ஆள் இருக்கும்போது, "நாலு வரி தமிழா இருந்தா என்ன, இங்கிலீஷா இருந்தா என்ன, படிக்கறதுக்குத்தானே கண்ணைக் குடுத்திருக்கு? உனக்கு எதுக்குடா பன்னெண்டு மெஷின்? ஒரு சுவிட்ச் போர்டு போதும்" என்றார். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள். மச்சினன் சிரித்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம் அவள் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். அவளே மாத்திரை போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தூசி ஒரு போட்டிக்காக இருபது மெஷின்களை ஒரே வாரத்தில் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாலை மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் தாமதமாகிவிட்டது.

அவளை அனுப்பிவிட்டு வந்த அன்று, வீடு நிறைய உறவினர்கள் உட்கார்ந்திருக்க, மச்சினன் வாசற்படியில் நின்று சொன்னான்: "மெஷின் ரெண்டு டிகிரி ஏறினா விழுந்தடிச்சு ஓடுவீங்க. எங்க அக்காவுக்கு மூணு நாளா உடம்பு கொதிச்சிருக்கு. நெத்தியில ஒரு தடவை கை வெச்சுப் பாத்தீங்களா?"

யாரும் அவனை அடக்கவில்லை. அதுதான் தூசிக்கு ஆறாத புண்ணாக நின்றது. அவன் கேட்டதைவிட, கேட்டதும் பெரிய அத்தை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டது.

அவரும் விடவில்லை. "ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தே? சாயங்காலம் சாயங்காலம் அவளோட பேசிட்டுத்தானே இருந்தே? குரல்ல தெரியலையா உனக்கு?" என்றார். அவனுக்கு முகம் சுண்டிப்போனது. உறவினர்களுக்குச் செய்தி சொல்வதற்காக அவன் எடுத்து வைத்திருந்த அக்காவின் போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. அதோடு படியிறங்கினான். திரும்பி வரவில்லை.

மறுநாள் ஒரு கவர் வந்தது. பிரித்தால், பன்னிரண்டு மெஷினிலிருந்தும் பிய்த்தெடுத்த ஒட்டுச்சீட்டுகள். தூசி அவற்றை எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டும் இருந்தன.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அவள் மெஷின் இவர் வீட்டில், அவள் போன் அவன் கையில். தூசி போனைக் கேட்கவில்லை. கேட்டால் தாழ்ந்து போவதாக நினைத்தார். மச்சினனுக்கு ஊர் வேண்டியிருந்தது. பதினோரு வருடம் அவனும் கட்டை அடுக்கியிருக்கிறான். பாதி ஊர் அவனுடையது. நேரே கேட்காமல் தன் மனைவியை அனுப்பினான். அந்தப் பெண் நல்ல மாதிரி. காய்கறி வாங்க வந்தவள் போல வந்து, தூசியின் வீட்டு வாசலில் பையோடு நின்று, "அண்ணா, அந்த விளையாட்டை மட்டும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்களேன், அவர் சரியாவே சாப்பிடறதில்லை" என்பாள். தூசி அவளை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மரியாதையாக மறுத்து அனுப்புவார். மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அதே நாற்காலி, அதே தண்ணீர், அதே பதில்.

மெஷினை அவர் ஆன் செய்யவில்லை. மேல் தூசியைத் துடைப்பார், உள்ளே ஊதுவார், கேபிளைச் சரி பார்ப்பார். பொத்தானை அமுக்க மட்டும் கை வராது. ஆன் செய்தால் அவள் பேர் போட்ட திரை வரும். உள்ளே வரச் சொல்லிக் கடவுச்சொல் கேட்கும்.

நான்காவது முறை அந்தப் பெண் வந்தபோது வேறு மாதிரி ஒரு சேதி கொண்டுவந்தாள். சொல்லத் தயங்கினாள். சொல்லு என்றார். "இல்லண்ணா, அந்தப் பெட்டி அப்பவே பழசாம். எட்டு மாசமா ஆன் பண்ணாம வெச்சிருந்தா செத்தே போயிருக்குமாம். பராமரிக்கத் தெரியாதவர்கிட்ட இருக்கறதுக்குப் பேசாம எடைக்குப் போட்டுடலாம்னு சொன்னார்."

சமையலைக் குறை சொல்லியிருந்தால் தூசி பொறுத்திருப்பார். பராமரிக்கத் தெரியாதவர் என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாய்க் குத்தி நின்றது. பராமரிப்பதைத் தவிர வேறென்ன செய்தார் அவர் இந்த உலகத்தில்? அன்று சாயங்காலமே கடையைப் பூட்டிவிட்டு, நடுவில் ஒரு முறை மாற்றிய அந்த மதர்போர்டு ஏற்றுக்கொள்ளும் ப்ராசஸர்களிலேயே மேலானது எதுவோ அதைக் கொண்டுவந்தார். கூடவே புதுக் கிராபிக்ஸ் கார்டு, இரட்டைக் கோபுரம் வைத்த கூலர், சத்தமில்லாத ஃபேன் நான்கு. அவன் சென்டரில் இருக்கும் பன்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாலும் இதன் கால் தூசிக்குக் காணாது என்று காட்ட வேண்டும். யாருக்குக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதை யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, வெள்ளைத் துணி விரித்து, மெஷினைப் படுக்க வைத்தார். புது ப்ராசஸரை அடையாளம் காண முதலில் மதர்போர்டின் அடிப்படை நிரலைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் திரையே தேவையில்லாத வழி ஒன்று உண்டு: பென் டிரைவில் போட்டு, பின்பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கினால் விளக்கு சிமிட்டி முடியும். அந்த வழியில் செய்தார். பழைய கூலரைத் திருகி இளக்கி எடுத்தார். காய்ந்துபோன பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். அவர் கையால் பதினோரு வருடத்தில் ஐந்தாவது முறையாக வைத்த பேஸ்ட் அது. பழைய ப்ராசஸரை எடுத்து, புதியதை முக்கோணக் குறி பார்த்து இறக்கினார். பட்டாணி அளவு ஒரு பொட்டு. கூலர், கார்டு, ஃபேன், கேபிள்கள். எல்லாவற்றையும் முதுகுப் பக்கம் ஒளித்துக் கட்டினார். கேபினெட்டை மூடுவதற்கு முன் நின்று பார்த்தார். அப்படி ஓர் அழகான வேலையை அவர் எந்த வாடிக்கையாளருக்கும் செய்ததில்லை.

பொத்தானை அமுக்கினார். நான்கு ஃபேனும் சுற்றின; சத்தமே இல்லை. அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திரை கறுத்து, நாலு வரி வந்தது. கை தானாகப் போய் ஒய்யை அமுக்கியது.

இருநூறு மெஷின்களில் பார்த்த நாலு வரி. இருநூறு தடவையும் அவர் முன்கூட்டியே பூட்டைத் தளர்த்தி வைத்திருப்பார். அதனால் இருநூறு தடவையும் ஒய்தான். இந்த ஒரு மெஷினை மட்டும் முன்கூட்டி ஆன் செய்யவில்லை. அவள் திரையைப் பார்க்கப் பயந்து, அதற்காகவே திரை வேண்டாத வழியைத் தேடித் தேடிச் செய்திருந்தார். விரல் எழும்பும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்கம் கேட்டது.

பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்டிப் பார்த்தார். பயனில்லை என்று தெரிந்தே மாட்டினார். பிறகு அதைக் கழற்றிப் புதியதையே மறுபடி மாட்டினார். மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. அந்த மெஷினுக்குப் பூட்டுப் போட்ட அன்று, மாற்றுச் சாவியை நோட்டில் எழுதி வை என்று அவளிடம் சொன்னது நினைவிருந்தது. நோட்டைத் தொலைச்சுடுவேன், மெயில்ல போட்டுட்டேன் என்று அவள் சொன்னதும் நினைவிருந்தது. அந்த மெயில் திறந்திருப்பது ஒரே ஒரு போனில்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு சென்டருக்குப் போனார்.

வாசலில் கால் வைத்ததுமே இரண்டாவது வரிசையில் ஒரு ஃபேன் கரகரப்பது கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. மச்சினன் கவுண்டருக்குப் பின்னால் யாருக்கோ நேரம் குறித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பேனாவை மூடி வைத்தான்.

"வாங்க சார்." மாமா என்று கூப்பிட்ட வாய் அது.

"அவ போன் வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"மெயில்ல ஒண்ணு பாக்கணும்."

"எட்டு மாசமா பாக்காத மெயிலு. இன்னைக்கு என்ன திடீர்னு?"

பொய் சொல்ல வழியிருந்தது. வரும் வழியில் இரண்டு பொய் தயார் செய்துகொண்டும் வந்திருந்தார். ஆனால் தொழில் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "மெஷின் பூட்டிக்கிச்சு. நாப்பத்தெட்டு நம்பர் வேணும்."

மச்சினன் அவர் முகத்தையே பார்த்தான். புரிய இரண்டு நொடி ஆயிற்று. புரிந்ததும், எத்தனையோ நாள் காத்திருந்தவன் போலக் குரலைத் தூக்கினான். "ப்ராசஸர் மாத்தினீங்களா? மாத்திட்டு ஒய்யை அமுக்கினீங்களா?"

முன்வரிசையில் ஒருவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். பக்கத்தில் இருந்தவனும் கழற்றினான்.

"ஆமா" என்றார் தூசி.

"படிக்கலையா? நாலு வரிதானே?"

"படிக்கல."

சொல்வதற்கென்று மச்சினன் சேர்த்து வைத்திருந்தது இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு மற்றது உறைத்தது. பூட்டிக்கொண்டது இவருடைய மெஷின் மட்டும் அல்ல, அவனுடைய பாதி ஊரும்தான். வாயை மூடிக்கொண்டு, கவுண்டர் மேசையின் இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தான். அது முழுச் சார்ஜில் இருந்தது. எட்டு மாதமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான் என்று தூசி கவனித்தார். அதற்காக அவன் மேல் இன்னும் கொஞ்சம் வெறுப்பு வந்தது.

"போன் என் கையை விட்டுப் போகாது. நான் வந்து படிப்பேன், நீங்க அடிங்க" என்றான்.

இரண்டு தெருவையும் ஒருவர் பின் ஒருவராக, பத்தடி இடைவெளியில் நடந்தார்கள். பார்ப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது என்றே தோன்றியிருக்கும்.

வீட்டுக்குள் வந்ததும் மச்சினன் அக்கா உட்காரும் சுழல் நாற்காலியை இழுத்தான். "அதுல யாரும் உக்கார்றதில்ல" என்றார் தூசி. அப்படியென்றால் நீங்கள் எப்படி அடிப்பீர்கள் என்று அவன் கேட்டான். நின்றுகொண்டே அடிப்பேன் என்றார். அதன்படியே இருவரும் நின்றார்கள். அவன் மேசையைச் சுற்றி ஒரு நடை போய்க் கேபினெட்டின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். பார்த்தவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே பாராட்டு என்று இருவருக்கும் தெரியும்.

சாவி ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டு. அவன் வேண்டுமென்றே வேகமாகப் படித்தான். அவர் வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லவில்லை. ஏழாவது கட்டில் மூன்றுக்குப் பதில் எட்டை அடித்துவிட்டார். திரை ஏற்க மறுத்தது.

"கண்ணாடி போடுங்க."

"உச்சரிப்பு ஒழுங்கா இருந்தா எதுக்குக் கண்ணாடி?"

"எங்க அக்கா எப்படித்தான் உங்களோட இருபது வருஷம்..."

"அதை அவகிட்ட கேட்டிருக்கணும். படி."

திரும்பப் படித்தான், இந்த முறை நிதானமாக. பூட்டுத் திறந்தது. அவள் பேர் போட்ட திரை வந்தது. கடவுச்சொல் மச்சினனுக்குத் தெரிந்திருந்தது. தூசிக்குத் தெரியாது. அவன் அடிக்கும்போது இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திறந்தது. புதுக் கார்டின் தயவில் அது முன்னெப்போதும் இல்லாத துலக்கத்தோடு, தூரத்துக் குன்று வரைக்கும் தெரிந்தது. அவள் கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்: ஆற்றின் மேல், ஒரு பாலத்தின் விளிம்பில். பாலம் பாதிதான் வந்திருந்தது. எதிர்க்கரையில் கட்டைகள் அடுக்கிக் காத்திருந்தன.

மச்சினன் அந்தப் பாதிப் பாலத்தை எட்டிப் பார்த்தான். பேசியபோது தூசியைப் பார்த்துச் சொல்லவில்லை. "அன்னைக்கு நான் தலைவலிக்குதுன்னு சீக்கிரம் போயிட்டேன். அவளும் உடம்பு சூடா இருக்குன்னா, நீயும் போய்ப் படுன்னு சொன்னேன். இன்னும் நாலு கட்டைதான்டான்னா."

காய்ச்சல் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதம் முன்னால் வாசற்படியில் நின்று அவன் கேட்டதெல்லாம் தூசியின் நெஞ்சில் வரிசையாக வந்து போயின. இப்போது திருப்பிக் கேட்கலாம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாயா என்று ஒரே ஒரு வார்த்தை போதும், ஆள் உடைந்துவிடுவான். கேட்பதற்கு வாயும் எடுத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, அந்த ஊரைத் தேடிப் பிடித்து நகல் எடுக்கக் கொடுத்தார். நான்கு நிமிடம் ஆகும் என்று காட்டியது. நான்கு நிமிடமும் இருவரும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்தா. இதுக்குத்தானே உன் பொண்டாட்டியை நடக்கவிட்டே. இனிமே அந்தப் பொண்ணை அனுப்பாதே" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டான். போனை மேசை மேல் வைத்தான். "இதுக்குத்தானே நீங்க வந்தீங்க. இனிமே எங்கிட்ட வர வேண்டிய வேலையில்லை."

"ரெண்டாவது வரிசையில மூணாவது மெஷின். ஃபேன் போகப்போகுது."

"எனக்கு ஆள் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு நின்றது. இப்போது இரண்டு பேர் கையிலும் எல்லாம் இருந்தது. சண்டை போடக்கூட ஒன்றும் பாக்கியில்லை. தூசி பூட்டைச் சரிசெய்தார். நாற்பத்தெட்டு இலக்கத்தை மூன்று இடத்தில் எழுதி வைத்தார். அதன்பின் தினமும் கடையிலிருந்து வந்ததும் அவள் மெஷினை ஆன் செய்து ஊரைத் திறந்து வைப்பார். நாற்காலியில் உட்கார மாட்டார். பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு, பாலத்தின் விளிம்பில் நிற்கும் அந்த உருவத்தின் கண் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் பொத்தானையும் தொட மாட்டார். அவள் விட்டது விட்டபடி இருந்தது.

நான்கு மாதம் கழித்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி மெஷினைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தாள். தூசி என்று சொல்லிவிட்டு, அவர் ஊதி முடிக்கும்வரை உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். கேமிங் சென்டரில் இப்போது எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பெரிய ஊர் கட்டுகிறார்களாம். சென்டர் அண்ணன் அதற்கென்று ஒரு மெஷினை ராத்திரி பகலாக ஓடவிட்டிருக்கிறாராம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இவள் இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறாளாம்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் எப்படிப் போவீங்க?" என்று கேட்டார் தூசி, ப்ளோயரை நிறுத்திவிட்டு.

"பாலம் இருக்கே சார். பெரிய பாலம். அண்ணனே கட்டி முடிச்சார்."

அந்தப் பெண்ணுக்கு ரசீது போட்டுக் கொடுக்கும்போது தேதியைத் தப்பாகப் போட்டார். கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் மெஷினுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, அவள் போனிலிருந்தே மச்சினனைக் கூப்பிட்டார். திரையில் அக்கா என்று வந்திருக்கும் என்பது அவன் எடுத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான்" என்றார். "யாரைக் கேட்டுப் பாலத்தை முடிச்சே?"

"யாரைக் கேக்கணும்?" அவன் குரல் நிலைக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அது அவ கட்டினது."

"அவ பாதி கட்டினா. அந்தப் பாதி உங்ககிட்ட அப்படியே இருக்குல்ல? பத்திரமா வெச்சுக்கங்க."

"கண்டவன் கண்டவள் எல்லாம் உள்ள போறதுக்கா அவ பதினோரு வருஷம் கட்டினா?"

"ஊருன்னா பின்ன எதுக்குக் கட்டுவாங்க? உங்க ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க சார்? ஒருத்தர். அவங்களும் நடக்க மாட்டாங்க. ஒரு நாளாவது அதுக்குள்ள போயிருக்கீங்களா நீங்க? அவ வீடு எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

தூசி போனைத் துண்டித்தார்.

கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசைப்பலகையை அருகே இழுத்து, அம்புக்குறி போட்ட பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. எழுத்துகளில் நான்கு மட்டும் தேய்ந்து வெள்ளையாகியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அமுக்கினார். உருவம் அசைந்தது. ஆற்றில் விழாமல் அதைத் திருப்புவதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. கரைக்கு வந்து, சுவரில் முட்டி, குட்டையில் இறங்கி ஏறி, தெருத்தெருவாகப் போனார். தெருமுனைகளில் பலகை நட்டிருந்தாள். ஒவ்வொன்றையும் நின்று படித்தார். மூன்றாவது தெருவில் ஒரு பலகை வலது பக்கம் காட்டி, டீச்சர் வீடு என்றது.

கல் சுவர், மரக்கூரை, சின்ன வீடு. கதவு சாத்தியிருந்தது. மவுஸின் இடது பொத்தானை அமுக்கினார். கதவின் மேல் விரிசல் ஓடியது. சட்டென்று கையை எடுத்தார், விரிசல் மறைந்தது. மற்ற எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன உடையும் என்று தெரியாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எப்படித் திறப்பது என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.